மச்சம் எந்தப் பக்கம்

பிப்ரவரி 3

அக்கா,

நான் உயிரோடு இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். நீ எந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பாய், சேதி அப்புறம்தான் மண்டையில் ஏறும்.

அச்சகத்து விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அம்மா பிரிப்பாள். அவள் பிரித்தால் மத்தியானத்துக்குள் அது அவளுடைய காலை வணக்கம் வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூவுக்குக் கீழே வந்து நிற்கும். என்னிடம் போன் இல்லை. தொலைக்கவில்லை, வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறேன். டாக்டர் பல்லைக் குடையும்போது பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க வேண்டும், சாமான்களைக் கழுவிக் கொதிக்கவைக்க வேண்டும். நாள் முழுக்க முகத்தில் முகக்கவசம் இருக்கும். உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் இந்த வேலையில் சேர்ந்தேன்.

போன வாரம், காத்திருந்த இரண்டு பெண்கள் ஒரு போனில் முகநூலில் எதையோ பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நாற்காலிகளை ஒழுங்குபடுத்துகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். என் முகம். 'காணவில்லை. மனநிலை சரியில்லாதவர். தினமும் மருந்து சாப்பிட வேண்டியவர். கணவர் துடித்துக்கொண்டிருக்கிறார். கண்டவர்கள் இந்த எண்ணுக்குத் தெரிவிக்கவும். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். இடது கண்ணோரம் மச்சம்.'

அதற்குக் கீழே நீ.

'ஒரு திருத்தம். மச்சம் இடது கண்ணோரம் இல்லை, வலது கண்ணோரம். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம் இல்லை, மூன்று அங்குலம்.' பெயர் இல்லாமல் இருந்தாலும் நீதான் என்று தெரிந்திருக்கும். அந்த இடத்தில் வேறு யார் முற்றுப்புள்ளி வைப்பார்கள்?

அக்கா, அந்தப் படம் நான் கண்ணாடி முன்னால் நின்று எடுத்தது. அதில் எல்லாம் பக்கம் மாறித் தெரியும். அவர் படத்தைப் பார்த்து இடது என்று எழுதிவிட்டார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் என் மச்சம் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. அதுதான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சந்தேகப்பட்டவர்கள் என் இடது கண்ணைப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை, போய்விட்டார்கள். முகக்கவசத்துக்கு மேலே தெரிவது கண் மட்டும்தானே. அந்த ஒரு பிழையையும் நீ திருத்திவிட்டாய்.

நான் காணாமல் போகவில்லை. கிளம்பி வந்தேன். அந்த மருந்து தைராய்டு மாத்திரை. நீயும் அதைத்தான் சாப்பிடுகிறாய்.

திட்டுவதற்காக எழுதவில்லை. அந்தக் குறிப்பை அழித்துவிடு, அவ்வளவுதான். பதில் எழுதினால் உறையின் பின்னால் இருக்கிற டாக்டர் பெயருக்கு எழுது. என் பெயர் எங்கேயும் வேண்டாம்.

உன்
வாலு

பிப்ரவரி 8

வாலு,

உன் கடிதத்தை அச்சகத்தில் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். நான் பிழை திருத்த வேண்டிய நாலாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் மெய்ப்பு மேசையில் விரித்தபடி கிடந்தது. அன்றைக்கு அதில் ஒரு பக்கமும் நகரவில்லை. இரண்டு தடவை அழுதேன், ஒரு தடவை சிரித்தேன். அதற்கப்புறம் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது.

ஒரு வார்த்தை சொல்லாமல் போனவள் நீ. மாப்பிள்ளை என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். "அண்ணி, அவ மருந்து கூட எடுத்துட்டுப் போகல" என்றார். அம்மா அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? என்றோ யாரோ சேர்த்துவிட்டு நான் எட்டியே பார்க்காத குழுக்களுக்கெல்லாம் உன் படத்தை அனுப்பினேன். பழைய பள்ளித் தோழிகள், அச்சகத்துக்குக் காகிதம் போடுகிறவர், பைண்டிங் பெண்கள், என் வீட்டுக்காரரின் அலுவலகம். தெரியாதவர்களிடமெல்லாம் கெஞ்சினேன். மச்சத்தைத் திருத்தியது நீ கிடைக்க வேண்டும் என்றுதான். தப்பான அடையாளத்தை வைத்து என் தங்கையைத் தேடுகிறார்களே என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு இப்போது நான் குற்றவாளியா?

ஏன் என்னிடம் வரவில்லை? என் வீடு உனக்குத் தெரியாதா?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு உடம்பெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? அந்தப் பதிவை நான் இத்தனை தடவை படித்திருக்கிறேன், 'மனநிலை சரியில்லாதவர்' என்ற வார்த்தைகள் உன் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. கழற்ற முடியவில்லை. போன வருஷம் நீ திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டது, நான் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்தது எல்லாம் அதற்குச் சாட்சி சொல்வது போல வரிசையாக வந்து நிற்கின்றன. நீயே மறுத்துச் சொல்.

குறிப்பை அழிக்கவில்லை. இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போனைக் கையில் எடுத்தேன், விரல் போகவில்லை. மச்சம் வலது பக்கம்தானே? சரியானதை அழித்துவிட்டுத் தப்பானதை விட்டுவைப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நீ ஒரு காரணம் சொல், செய்கிறேன்.

சாப்பாட்டுக்கு என்ன பண்ணுகிறாய்?

அக்கா

பிப்ரவரி 14

அக்கா,

காரணம் கேட்டாய்.

எங்கள் படுக்கையறைக் கதவு ஞாபகம் இருக்கிறதா? போன வருஷம் நீ வந்தபோது உன் குழந்தையைத் தூங்கவைக்க அந்த அறைக்குப் போனாய். திரும்பி வந்து, "என்னடி இது, தாழ்ப்பாளை வெளிப்பக்கம் போட்டிருக்கு?" என்று கேட்டாய். அவர் சிரித்துக்கொண்டே, "தச்சன் தப்பாப் போட்டுட்டான் அண்ணி, மாத்தணும்" என்றார். நீயும் சிரித்தாய். "இந்தக் காலத்துல எந்த வேலையத்தான் ஒழுங்காச் செய்யறாங்க?" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தாய்.

நான் அப்போது உன்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தச்சன் தப்பாகப் போடவில்லை. அவ்வளவுதான் எழுத முடியும். மற்றதை என்றைக்காவது நேரில் சொல்கிறேன். "அப்புறம் பேசறேன்" என்று நான் போனை வைத்தபோதெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். உன் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்றால், அவர் முதலில் அங்கேதான் வருவார். வந்தாரே. சோறும் கிடைத்ததே.

டாக்டரோடு காவல் நிலையத்துக்குப் போய், 'என் விருப்பப்படிதான் வெளியேறினேன், என்னைத் தேட வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவரைக் கூப்பிட்டு, நேரில் வந்து தொந்தரவு செய்யக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதிவு காவல் நிலையத்துக்கெல்லாம் போய்ப் படித்துவிட்டு வருவதில்லையே. 'யாரோ அவளை மிரட்டி எழுதி வாங்கியிருக்கிறார்கள்' என்று அதற்கும் ஒரு பதிவு போட்டுவிட்டார்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அதை அவர் எழுதியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். போகிற வழியில் யாரோ ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: 'குழந்தைகளைக் கண்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், ஜாக்கிரதை.' எதற்குச் சேர்த்தார்களோ. மனநிலை சரியில்லை என்றால் அப்படியும் செய்வாள் என்று ஒருவர் ஊகித்திருப்பார், அடுத்தவர் அதைச் சேதியாக எழுதியிருப்பார்.

நேற்று ஒரு அம்மா ஐந்து வயதுப் பெண்ணோடு வந்திருந்தாள். அந்தப் பெண் பயந்துபோய் அழுதது. நான் குனிந்து, "ஊசி இல்ல கண்ணு, வெறும் காத்துதான் அடிப்போம்" என்றேன். அந்த அம்மா என் கண்ணைப் பார்த்தாள். வலது கண்ணை. பிறகு குழந்தையை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பல்லைக் காட்டாமலே எழுந்து போய்விட்டாள்.

உன் திருத்தம் சரிதான் அக்கா. அந்தப் பதிவு முழுவதிலும் அது ஒன்றுதான் சரி. கூடப் பிறந்தவளே வந்து மச்சத்தைத் திருத்தியிருக்கிறாள் என்றால் மீதியெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைக்க மாட்டார்களா? நீ சின்னச் சின்னப் பிழையை எல்லாம் எடுத்துவிட்டுப் பெரிய பொய்யைப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்திருக்கிறாய்.

உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. பயம் மட்டும் இருக்கிறது.

வாலு

பிப்ரவரி 21

என் தங்கமே,

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே உன் வீட்டுக்குப் போனேன். உன் புடவைகள் சிலதை அம்மா கேட்கிறாள் என்று அவனிடம் சொன்னேன். மரியாதையாகத்தான் உள்ளே விட்டான். அலமாரியைத் திறக்கிற சாக்கில் கதவைப் பார்த்தேன். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகளை மக்குப் பசை வைத்து அடைத்துப் பெயின்ட் பூசியிருந்தான். பெயின்டின் நிறம் கொஞ்சம் வேறாக இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், விரலில் ஒட்டியது.

தப்பாகப் போட்ட தாழ்ப்பாளைக் கழற்றுகிறவன் உள்பக்கம் ஒன்று போட்டிருப்பான். உள்ளே ஒன்றும் இல்லை.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றுதான் உன் புடவைகளை எடுக்காமலே வந்ததைக் கவனித்தேன். அங்கேயே, நின்றபடியே, அந்தக் குறிப்பை அழித்தேன்.

அன்றைக்கு நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்டி இன்னும் என்னால் போக முடியவில்லை. கண்ணெதிரில் இருந்ததைப் பிழை என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்திருக்கிறேன்.

அழித்தால் மட்டும் போதுமா? அச்சகத்தில் புத்தகம் கடைக்குப் போன பிறகு பிழை தெரியவந்தால், சின்னச் சீட்டு அடித்து ஒவ்வொரு பிரதியாக ஒட்டிவிட்டு வருவோம். எந்தக் கடைக்கு எத்தனை போயிற்று என்று எங்களுக்குத் தெரியும். இது எங்கெங்கே போயிருக்கிறது? நான் அனுப்பியவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "அப்படியா, ஐயோ பாவம்" என்றார்கள். "நீங்க யாருக்கெல்லாம் அனுப்பினீங்க?" என்று கேட்டால் அவர்களுக்கே ஞாபகம் இல்லை. பிறகு ஒரு மறுப்பு எழுதினேன். 'மேற்கண்ட செய்தி உண்மைக்குப் புறம்பானது. குறிப்பிடப்பட்டுள்ள பெண் தன் சுயவிருப்பத்தின் பேரில்' என்று ஆரம்பித்து, ஒரு பிழை இல்லாமல். பைண்டிங் பெண்கள் மூன்று பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அதோடு சரி.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னதும் தன் கையை விரித்துப் பார்த்தாள். "இந்தக் கையால அவனுக்குப் பிசைஞ்சு போட்டேனே" என்று மட்டும் சொன்னாள். நீ இருக்கும் இடத்தைப் பற்றி வாயைத் திறக்கப் போனேன். "சொல்லாத. எனக்கு வாய் நிக்காது" என்று காதைப் பொத்திக்கொண்டாள். நம் அம்மாதான், நம்பு.

பிறகு என் மறுப்பைக் கேட்டு வாங்கிப் படித்தாள். "ஏண்டி, இது என்ன கோர்ட்டு நோட்டீஸா? யாருடி இதைப் படிப்பா?"

"உண்மைய வேற எப்படிம்மா எழுதறது?"

"எழுதாத. அந்தப் போனைக் குடு."

சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, போனை வாய்க்கு முன்னால் மைக் மாதிரி பிடித்துப் பேசிவிட்டாள். ஒத்திகை கிடையாது, யோசனை கிடையாது. பேசி முடித்துக் காலை வணக்கம் குழுவில் ஆரம்பித்துக் கைக்கு அகப்பட்ட எல்லாக் குழுவுக்கும் அனுப்பிவிட்டாள். கடைசியில் ஒரு அபத்தம் பதிவாகியிருக்கிறது, அதை வெட்டிவிட்டு அனுப்பலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டது. ரோஜாப்பூக் கூட்டம் கேட்கவா வேண்டும்? மறுநாள் காகிதம் போடுகிறவரே எனக்கு அனுப்புகிறார், "இது உங்க அம்மாவா மேடம்?" என்று.

அவன் நேற்று வந்தான். வாசலில் நின்று, "அத்தை, குடும்ப மானத்த இப்படிச் சந்தி சிரிக்க வெச்சுட்டீங்களே" என்றான். அம்மா கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்தே சொன்னாள்: "இந்தக் கதவுல தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கு மாப்பிள்ள. நல்லாப் பார்த்துட்டுப் போங்க."

இதெல்லாம் எந்த அளவுக்கு உதவும் என்று தெரியவில்லை. குழந்தையைத் தூக்குவாள் என்கிற அந்த இன்னொன்று இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, எனக்கே மூன்று இடத்திலிருந்து வந்தது. வேலைக்குப் போகும்போது தனியாகப் போகாதே. நான் வரட்டுமா? வா என்று ஒரு வரி எழுது, நாலாம் வகுப்பு அறிவியல் எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

அக்கா

மார்ச் 2

அக்கா,

நீ பயந்தது நடந்துவிட்டது. முடிந்தும்விட்டது. நான் நன்றாக இருக்கிறேன், அதை முதலில் தெரிந்துகொண்டு மீதியைப் படி.

சனிக்கிழமை. காத்திருப்பறையில் உட்கார இடமில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட நான் தட்டும் கையுமாக வெளியே வந்தேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் நின்றிருந்தார். தேய்த்த சட்டை, தூக்கமில்லாத கண். என்னைப் பார்த்ததும் போனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அந்த மாஸ்க்கை ஒரு நிமிஷம் எடுக்க முடியுமா?"

தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க ஆபீஸ் நண்பரோட வொய்ஃபைத் தேடறோம். மனசு சரியில்லாதவங்க. அவர் வந்தா பயந்து ஓடிடுவாங்கன்னு என்னை அனுப்பினார். இங்க ஒருத்தங்க இருக்காங்கன்னு போன் வந்துச்சு." அறையில் இருந்த எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். அக்கா, அவர் கெட்டவர் இல்லை. லீவு போட்டுவிட்டு, யாரோ ஒருத்தியைக் காப்பாற்ற அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறார். உன்னை மாதிரி. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் நான் கத்தியிருப்பேன்.

"எங்க, காட்டுங்க." பின்னாலிருந்து ஒரு குரல். அன்றைக்குக் குழந்தையை இழுத்துக்கொண்டு போனாளே, அந்த அம்மா. குழந்தை பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

போனை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். என் அருகில் வந்து என் கண்ணையும் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இந்தப் படத்துல மச்சம் இடது பக்கம் இருக்கு. இவங்களுக்கு வலது பக்கம். இது வேற ஆளு சார்."

"இல்லீங்க, கீழ யாரோ கரெக்ட் பண்ணி எழுதியிருந்தாங்க. வலது பக்கம்னு. அவங்க சொந்தக்காரங்களே..." அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். மேலே போனார், கீழே வந்தார். "இருந்துச்சே. நான் பார்த்தேனே."

அவர் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் அக்கா. பஸ் நிறுத்தத்தில் நீ நின்றது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த பெரியவர், வலியோடு வாயைத் திறந்தார். "ஏன் தம்பி, மச்சம் என்ன பஸ்ஸா, இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போக?"

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சிடுங்கம்மா" என்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். வாசல் வரைக்கும் போய், திரும்பி ஒரு தடவை பார்த்தார், போய்விட்டார்.

ராத்திரி இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. படத்தில் இடது பக்கம், எனக்கு வலது பக்கம். 'வேற ஆளு' என்பதுகூடப் பொய் இல்லை. அந்தப் பதிவில் இருக்கிறவள் நான் இல்லைதானே.

குழந்தைக்கு டாக்டர் பல் பார்த்து முடித்ததும், அந்த அம்மா என்னைக் கை கழுவும் இடத்துக்குக் கூப்பிட்டாள். "போன தடவை என் பொண்ணைப் பிடிச்சு இழுத்துக்கிட்டேன். உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கு அப்போ வந்த மெசேஜ் அந்த மாதிரி. என்ன பண்றது, குழந்தைன்னு போட்டா பயந்துடறோம். அப்புறம் எங்க நாத்தனார் இதை அனுப்பினா." போனைக் காதருகில் பிடித்தாள்.

அம்மா.

முன்பின் தெரியாத ஒருத்தியின் போனிலிருந்து நம் அம்மா பேசுகிறாள். "நான் அவளைப் பெத்தவ பேசறேன். அந்தப் படத்துல இருக்கிறது என் சின்னப் பொண்ணு. அவளுக்குப் பைத்தியமும் இல்ல, யார் குழந்தையையும் அவ தொட்டதும் இல்ல. அவ காணாம போகல, இருக்க முடியாமப் போயிருக்கா. எங்கயாவது பார்த்தா பார்த்த மாதிரியே காட்டிக்காதீங்க. போன் பண்ணாதீங்க. அவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு அவ பாட்டுக்கு விட்டுடுங்க. இதை எல்லாருக்கும் அனுப்புங்க."

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. ஏதோ உரசுகிற சத்தம். உன் குரல், தூரத்திலிருந்து: "அம்மா, இன்னும் ரெக்கார்ட் ஆகுது." அம்மாவின் குரல், இந்தத் தடவை ரொம்பச் சின்னதாக: "எல்லாருக்கும் போகும்தானேடி? அவளுக்குக் கேக்குமா?"

அந்த அம்மா போனை அணைத்தாள். குழாயடியில் இருந்த டம்ளரில் தண்ணீர் பிடித்து என்னிடம் நீட்டினாள். நான் முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் குடித்தேன். முழு முகமும் தெரிய.

இப்போது வராதே. டாக்டருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் மூலம் என் கணவருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. அது ஒரு வழிக்கு வந்ததும் நானே கூப்பிடுகிறேன். இரண்டு பேரும் வாருங்கள்.

வெட்டிவிட்டு அனுப்பலாம் என்று சொன்னாயே, நல்ல வேளை, அம்மா உன் பேச்சைக் கேட்கவில்லை.

கேட்டது என்று அவளிடம் சொல்.

வாலு